மஞ்சள் ஆல்பம்

ஒரு குடும்பத்தில் ஒருவன் கம்ப்யூட்டர் படித்துத் தொலைத்துவிட்டால், அந்தக் குடும்பத்தில் கரண்டு பாயும் எல்லாப் பொருளுக்கும் அவனே பொறுப்பு. இது எங்கள் ஓடைப்பட்டி வழக்கம். மிக்ஸி மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், திராட்சைத் தோட்டத்து மோட்டார் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்தது என்னவோ ஒரு டிப்ளமோ. உத்தமபாளையத்தில் ஒரு சின்ன சென்டரில் பிள்ளைகளுக்கு டைப்படிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் யார் எதைக் கேட்டாலும் 'எனக்குத் தெரியாது' என்று மட்டும் நான் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் என் தங்கச்சி ஈஸ்வரியின் பிழைப்பு கெட்டிருக்காது.

ஈஸ்வரி அப்போது ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தாள். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் எங்கள் பக்கம் அந்த வேலைக்கு நல்ல கிராக்கி. அவளுடைய கைவரிசை முகத்தில்தான் இருந்தது. மேக்கப்காரம்மா பவுடரை அப்பிக் கெடுத்து வைத்திருக்கும் பெண்ணின் முகத்தை, அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தடவித் தடவி அந்தப் பெண்ணின் சொந்த முகமாக்கிக் கொடுப்பாள். "டிசைன் அந்த ஓடைப்பட்டிப் பொண்ணுதான போடுது?" என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுத்தவர்கள் உண்டு. (எனக்கு இதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு. கம்ப்யூட்டர் படித்தது நான், பேர் வாங்கியது அவள்.)

அவளுக்குச் சின்னமனூரில் மாப்பிள்ளை அமைந்தது. சரவணன், வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். நல்ல மனிதர். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டூடியோவுக்குப் போக வேண்டாம், வீட்டிலிருந்தபடி என்ன வேலை வேண்டுமானாலும் செய்யட்டும் என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஈஸ்வரி அன்றைக்கே என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீ எனக்கு வளையல் கிளையல் எதுவும் செய்ய வேணாம். ஒரு லேப்டாப் வாங்கிக் குடு. அது இருந்தா அங்கன போயும் நான் வேலையை விடாமப் பாத்துக்கிருவேன்."

அண்ணன் சீராக லேப்டாப் செய்வது என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் செய்முறை என்பது சாதாரண விஷயமில்லை. தட்டில் வைத்து, தவில் நாயனத்தோடு ஊர்வலமாகக் கொண்டுபோய், யார் என்ன செய்தார் என்று மைக்கில் சொல்வார்கள். சோபா வந்த சீரும் பீரோ வந்த சீரும் ஊர் பார்த்தாயிற்று. லேப்டாப் சீர் எங்கள் தெருவில் அதுவரை இல்லை. எனக்கு அந்த மைக் சத்தம் அப்போதே காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. எனக்குக் கார் ரேஸ் கேம் என்றால் உயிர். சென்டரில் இருந்த கிழட்டுக் கம்ப்யூட்டர்களில் அதைப் போட்டால் கார் மாட்டுவண்டி வேகத்தில் நகரும். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. லேப்டாப்பை இப்போதே வாங்கினால், 'சாஃப்ட்வேர் ஏத்தணும்' என்று சொல்லி அந்த ஒரு மாதமும் நானே வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கோடுதான் நான் ஈஸ்வரியைக் கூட்டிக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினேன்.

கடையில் எங்கள் காசுக்கு இரண்டு லேப்டாப் வந்து நின்றன. ஒன்று சாம்பல் நிறம். அதன் திரை பளபளப்பு இல்லாமல் மங்கலாக இருந்தது. பார்த்தால் கூட்டுறவுச் சங்கத்து மேஜையில் இருக்க வேண்டிய பொருள் மாதிரி தெரிந்தது. இன்னொன்று கன்னங்கரேலென்று மின்னியது. ஓரத்தில் சிவப்புக் கோடு, ஸ்பீக்கர் பக்கத்தில் நீல விளக்கு, முகம் பார்த்துத் தலை சீவலாம் போன்ற கண்ணாடித் திரை. அதில் தனியாக கிராபிக்ஸ் கார்டு இருந்தது. கடைப் பையன் அதில் ஒரு கேமைப் போட்டுக் காட்டினான். கார் பறந்தது. என் மனமும் கூடவே பறந்துவிட்டது.

ஈஸ்வரி பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். அவள் டிசைன் செய்த ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தை இரண்டு லேப்டாப்பிலும் போடச் சொன்னாள். சாம்பல் லேப்டாப்பில் அந்தப் பெண் அவள் நிறத்தில் இருந்தாள். கறுப்பில் டியூப்லைட் வெளிச்சத்தில் நிற்பவளாக வெளுத்திருந்தாள்.

"இதுல மொகத்துல நீலம் பாயுதுண்ணே."

"அது நீலமில்லத்தா, தெளிவு. நீ இத்தன நாளு மங்கலாவே பாத்துப் பழகிட்ட."

"தலையச் சாய்ச்சா கலரே மாறுது, பாரு."

"நீ ஏன் தலையச் சாய்க்கிற? நேரா உக்காந்து வேலை பாரு." (நான் சொன்ன பதில்தான். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.)

அவள் சாம்பல் லேப்டாப்பின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றாள். கடைப் பையனிடம் அபிப்பிராயம் கேட்டாள். அவன் அவள் பேசும்போது "ஆமாக்கா" என்றான், நான் பேசும்போது "ஆமா சார்" என்றான். கடைசியாகப் பேசியது நான். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் டிசைன் செய்வது ஏர் இல்லாமல் உழுவதற்குச் சமம் என்று ஒரு போடு போட்டேன். ஆல்பம் வேலைக்கு அந்தக் கார்டு பெரிதாக ஒன்றும் செய்யாது என்பதோ, திரை காட்டும் நிறம்தான் முக்கியம் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

"நீ பாத்தாச் சரிதாண்ணே" என்று கையை எடுத்துவிட்டாள்.

அந்த ஒரு மாதம் நான் ராஜபோகமாக வாழ்ந்தேன். எத்தனையோ நாட்டு ரோட்டில் கார் ஓட்டினேன். ஈஸ்வரி எட்டிப் பார்க்கும்போதெல்லாம் "இன்னும் ஏறிக்கிட்டு இருக்கு" என்று சொல்லிவைத்தேன்.

கல்யாணத்தன்று பழத்தட்டுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் லேப்டாப் திறந்தபடி ஊர்வலம் போனது. சீர்ப் பொருளுக்குப் பொட்டு வைக்க வேண்டுமல்லவா, என் சித்தி அதற்கு நெற்றி எது என்று தேடி, திரைக்கு மேலே நடுவில் இருந்த கேமரா மேல் சரியாகச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். கேமரா அன்றோடு கண்ணை மூடியது. நான் அதற்குக்கூடக் கவலைப்படவில்லை. மைக்கில் "பெண்ணின் அண்ணன் செய்முறை, லேப்டாப் கம்ப்யூட்டர் ஒன்று" என்று சொன்னபோது மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அந்தச் சலசலப்பை நான் வெகுநாள் அசைபோட்டேன்.

கல்யாணமான கொஞ்ச நாளில் ஈஸ்வரிக்குப் புது ஊரில் முதல் ஆர்டர் வந்தது. அவள் மாமியாரின் அக்கா மகனுக்குக் கல்யாணம். சொந்தத்துக்குள் நடந்தது என்பதால் சின்னமனூரில் பாதிப் பேர் அந்த ஆல்பத்தில் இருப்பார்கள். இது நன்றாக வந்துவிட்டால் அதற்குப் பிறகு ஊரில் எந்த ஆல்பமும் அவளைத் தாண்டிப் போகாது. வேலையை ஆரம்பித்ததும் எனக்கு போன் செய்தாள்.

"அண்ணே, எல்லாரு மொகமும் நீலம் பூத்துத் தெரியுது. ஸ்கிரீன்லதான் ஏதோ இருக்குன்னு தோணுது."

"ஸ்கிரீன்ல ஒண்ணுமில்ல. போட்டோ எடுத்தவரு லைட்டச் சரியா வைக்கல. நீ மஞ்சளைக் கொஞ்சம் ஏத்தி விடு, சரியாப் போகும்."

"நெசமாவா சொல்ற?"

"நான் கம்ப்யூட்டர் படிச்சவன்த்தா."

அண்ணன் சொல்லைத் தட்டாமல் ஏற்றினாள். பக்கம் பக்கமாக, முகம் முகமாக, அந்தத் திரையில் மனித நிறம் வரும்வரை மஞ்சளை ஏற்றினாள். ஆல்பம் மதுரையில் பிரிண்டாகி வந்தது.

பிரித்துப் பார்க்கும் நாளன்று, பாராட்டில் என் பங்கை வாங்கிக்கொள்வதற்காக நானும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஈஸ்வரி வீட்டுக்குப் போயிருந்தேன். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். ஈஸ்வரியின் மாமியார் முதல் பக்கத்தைத் திறந்தார்.

கல்யாணப் பெண், மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்துத் துவட்டாமல் மேடையேற்றியவள் போல இருந்தாள். மாப்பிள்ளை அவளைவிட மஞ்சள். வெள்ளை வேட்டி கட்டியவர்கள் எல்லோரும் பழனி பாதயாத்திரைக் கூட்டமாகத் தெரிந்தார்கள். பந்தி போட்டோவில் இலைக்கு இலை தயிர்சாதம் எலுமிச்சைச் சாதமாகியிருந்தது. பக்கம் புரளப் புரளக் கூடத்தில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒரு பெரியவர் மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"ஏப்பா, பயலுக்குக் காமாலையா? தாலி கட்டுறதுக்கு முந்தியே கீழாநெல்லி அரைச்சுக் குடுத்திருக்கலாமே."

யாரோ ஒருவர் சிரித்துத் தொலைத்தார், அதோடு கூடமே சிரித்தது. கல்யாணப் பெண் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமியார் ஈஸ்வரி பக்கம் திரும்பினார்.

"என்னத்தா இது? எப்படி இப்படி ஆச்சு?"

ஈஸ்வரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீலம் போட்டோவில் இல்லை, நான் வாங்கிய திரையில்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எழுந்து நின்று, 'அத்தே, அவ மேல தப்பில்ல, நான் வாங்குன மிஷினு சரியில்ல, நான் சொன்ன யோசனையும் சரியில்ல' என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத்தான் அத்தே கலர் பாக்கத் தெரியல" என்றாள் ஈஸ்வரி.

நான் வண்டியை எடுக்கும்போது வாசல் வரை வந்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். (கேட்க வெட்கமில்லையா என்று நீங்கள் நினைப்பது சரிதான்.)

"வேற என்ன சொல்லச் சொல்ற? ஊரறிய மைக்குல சொல்லிக் குடுத்த சீரு. அத நானே நொட்டை சொன்னா, பொறந்த வீடு ஓட்டைய வாங்கிக் குடுத்துருச்சுன்னு இவுக பேச மாட்டாகளா? எனக்குக் கலர் தெரியலன்னா என்னோட போச்சு."

அவளோடுதான் போயிற்று. அதற்குப் பிறகு சின்னமனூரில் யாரும் அவளிடம் ஆல்பம் கொடுக்கவில்லை. வீட்டுக்கே வேலை அனுப்புவதாகச் சொல்லியிருந்த பழைய ஸ்டூடியோக்காரரும் சேதி கேள்விப்பட்டு வேறு ஆள் போட்டுக்கொண்டார். நான் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நல்ல மானிட்டர் ஒன்று தனியாக வாங்கிக்கொண்டு போனேன். "இனிமே எதுக்குண்ணே?" என்று கேட்டாள், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு வருஷம் நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் கையைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. வேலை இல்லாத கை அது, இல்லாமல் செய்தவன் நான்.

லேப்டாப்பை மாப்பிள்ளை சரவணன் எடுத்துக்கொண்டார். மண்டியிலிருந்து வந்ததும் அதில் கார் ரேஸ் ஓட்டுவார். அந்த விஷயத்தில் அது ஒருநாளும் குறை வைக்கவில்லை. "என்ன ஸ்பீடு மச்சான், பாத்துப் பாத்து வாங்கியிருக்கீக" என்று அவர் என்னைப் புகழும்போதெல்லாம் நான் ஆறிப்போன காபியை மறுபடி ஆற்ற ஆரம்பித்துவிடுவேன்.

ஆல்பம் கதை அந்த வீட்டில் நிலைத்துவிட்டது. சேலை எடுக்கப் போனால், "ஈஸ்வரிகிட்டக் கலர் கேட்டுராதீக" என்று ஒருவர் ஆரம்பிப்பார். மாமியார் ஏதாவது ஒரு நீலச் சேலையைத் தூக்கிக் காட்டி, "ஏத்தா, இது என்ன கலரு?" என்பார். "மஞ்சள் அத்தே" என்பாள் ஈஸ்வரி. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். மருமகளை மாமியார் கேலி செய்வதும் மருமகள் திருப்பிக் கொடுப்பதும் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். என்னால் மட்டும் முழுதாகச் சிரிக்க முடிந்ததில்லை.

ஒருநாள் எல்லோரும் வைகை அணைக்குப் போயிருந்தோம். பூங்காவில் ஜமுக்காளம் விரித்து, வாங்கி வந்த மீன் வறுவலோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வழக்கம்போல ஆல்பம் கதை வந்தது. அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை. சோற்றுக் கையோடு மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன்.

"மாப்ள, தப்பு அவ கண்ணுல இல்ல. நான் வாங்கிக் குடுத்த லேப்டாப்புல கலர் சரியாத் தெரியாது. கடையிலயே அவ சொன்னா, நான்தான் கேக்கல. மஞ்சளை ஏத்தச் சொன்னதும் நான்தான்."

மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. இடது கையால் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"தங்கச்சிய விட்டுக்குடுக்க மனசு வரல பாத்தீகளா. அம்புட்டு நல்ல மிஷின வாங்கிக் குடுத்துட்டு, பழியையும் நீங்களே ஏத்துக்கிறீக. அண்ணன்னா இப்படி இருக்கணும் மச்சான்."

"பொறந்த வீடு அமைஞ்சா இப்படி அமையணும்" என்றார் மாமியார்.

இல்லை, நிஜமாகவே நான்தான் என்று இன்னும் இரண்டு தடவை சொன்னேன். சொல்லச் சொல்ல என் மதிப்பு ஏறியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ஈஸ்வரி என் இலையில் இன்னொரு மீன் துண்டை வைத்து, "சாப்பிடுண்ணே, ஆறுது" என்றாள்.

இப்போது அந்த வீட்டில் யார் புதிதாக வந்தாலும் மஞ்சள் ஆல்பம் கதையை இரண்டு பாகமாகச் சொல்கிறார்கள். முதல் பாகத்தில் கலர் தெரியாத மருமகள் வருகிறாள். இரண்டாம் பாகத்தில், அவளுக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்ட தங்கமான அண்ணன் வருகிறான்.