ரெண்டு நிமிஷத்துல கூப்பிடறேன்

"சமையல்ங்கறது ரத்தத்துல ஓடணும். போன்ல ஓடக் கூடாது."

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் இதை அறிவித்தபோது, பனியனோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மனைவி நறுக்கி வைத்திருந்த வெள்ளரிக்காயை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருந்தார். மனித குலத்துக்கு அவர் வழங்கிய தத்துவங்களில் இது மூன்றாவது. முதல் இரண்டும் கிளட்ச் பற்றியவை.

அடுப்படியில் மனைவி அப்போதுதான் போனைக் கீழே வைத்திருந்தாள். மேடைமேல் ஒரு முழுப் பூசணிக்காய். மஞ்சள் பூசணி சீசன். சந்தையில் ஒன்று வாங்கினால் இன்னொன்றைக் கெஞ்சிக் கையில் திணித்து அனுப்புகிறார்கள்.

"இதுக்குமா உங்க அம்மாவுக்குப் போன்? வெட்டணுமா உடைக்கணுமான்னு கேட்டியா?"

"பருப்பு எவ்வளவு போடணும்னு கேட்டேன். ரெண்டு நிமிஷத்துல கூப்பிடறேன்னாங்க."

"எப்பப் பாரு ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்துல என்ன பண்றாங்க, பாடப் புத்தகம் புரட்டறாங்களா?"

போன் அடித்தது. மனைவி கேட்டுக்கொண்டு, "சரிம்மா" என்று வைத்தாள்.

"நாலு வருஷமா கேட்டுக் கேட்டுச் சமைக்கிறே. ஒரு நாளாவது எங்க அம்மா கைப்பக்குவம் வந்திருக்கா?"

மனைவியின் தம்பி செய்தித்தாளை இறக்கினான். ஞாயிறு தவறாமல் சாப்பிட வருபவன். "மாமா, நாலு வருஷத்துல ரெண்டாந்தரம் சோறு வாங்காம நீங்க எந்திரிச்சு நான் பார்த்ததில்லையே."

"அது உணவை வீணாக்கக் கூடாதுங்கற கொள்கை, மச்சான்."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அப்போ இன்னிக்கு நீங்களே சமைங்க. வீட்ல இருக்கறதை வெச்சு. யாரையும் கேக்கக் கூடாது."

"ஜெயிச்சா?"

"இனிமே அம்மாகிட்டச் சமையல் கேக்க மாட்டேன்."

"தோத்தா?"

"எனக்குக் கார் கத்துக்குடுக்கணும். ஒரு மாசம். வாயைத் திறக்காம."

வாத்தியார் கையிலிருந்த வெள்ளரித் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தார். முன்பு ஒரு முறை மனைவிக்குக் கார் கற்றுக்கொடுத்தபோது அவர் போட்ட சத்தத்தில், பின்னால் வந்த தண்ணீர் லாரி நின்றுவிட்டது. மனைவி இறங்கி நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். ஆனாலும் மச்சான் பார்த்துக்கொண்டிருக்கிறான். வாத்தியார் எழுந்தார்.

பூசணிக்காய் இருபது நிமிடம் எதிர்த்துப் போராடிவிட்டுத் துண்டானது. பருப்பு, வெங்காயம் என்று எல்லாம் பாத்திரத்துக்குள் போயின. அம்மா மிளகாய்ப்பொடியை ஒரு கை அள்ளிப் போடுவார். இவரும் ஒரு கை அள்ளிப் போட்டார். அம்மாவின் கை சின்னது என்பது கொதி வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

காரத்தைக் குறைக்க ஆறு தக்காளி. புளித்தது. புளிப்பைக் குறைக்க வெல்லம். பூசணி ஏற்கெனவே இனிப்பு என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கக் கூடாது. இனிப்பை அடக்க உப்பு. உப்பை அடக்கத் தண்ணீர். பொங்கி வழிந்ததும் பெரிய பாத்திரம். அதிலும் பொங்கியதும், வீட்டிலேயே பெரிய பாத்திரம். தண்ணியாக ஓடுகிறதே என்று அரிசி மாவு தூவினார். கட்டி கட்டியாக மிதந்தது மாவு. பூசணிக்காய் கரைந்து தலைமறைவாகியிருந்தது.

காரில் வாத்தியாரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. இருபது வருட நிம்மதி அந்த மிதியில்தான் இருந்தது. இப்போது வலது காலால் அடுப்படித் தரையை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை.

"மாமா, வாசனை வருது" என்றான் மச்சான்.

"என்ன வாசனை?"

"அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"நான் வந்து பார்க்கட்டுமாங்க?" என்றாள் மனைவி.

"மேட்டுல ஏறும்போது பேச்சுக் குடுக்கக் கூடாது" என்று சொல்லி அடுப்பைச் சிறிதாக்கினார் வாத்தியார். "ஹேண்ட்பிரேக் போட்டேனான்னு ஒரு சந்தேகம். பார்த்துட்டு வர்றேன்."

கீழே, பயிற்சிக் காரில் ஏறிக் கண்ணாடியை முழுக்க ஏற்றினார். பழக்க தோஷம், உட்கார்ந்தது வாத்தியார் இருக்கையில். கால் தானாகப் பிரேக்கைத் தேடிப் பிடித்தது.

அம்மாவைக் கூப்பிடலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் முழுக்கத் தன் கைதான் என்று இரண்டு வருடமாக அம்மாவிடம் சொல்லி வருகிறார். "எம் புள்ளையைப் பாருங்கடா" என்று அம்மா அதைச் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் பரப்பியும் விட்டார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு எண். வாத்தியார் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதை அழுத்தினார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். "ஏன் குரல் கிணத்துக்குள்ள இருந்து வருது?"

"அத்தை, நம்ம ஸ்டூடண்ட் ஒருத்தருக்கு ஒரு சந்தேகம்."

"காரைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"கார் இல்ல அத்தை. பூசணிக்காய்."

மிளகாய்ப்பொடியில் தொடங்கி அரிசி மாவு வரைக்கும் ஸ்டூடண்ட் செய்ததையெல்லாம் வாத்தியார் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"ரெண்டு நிமிஷத்துல கூப்பிடறேன் மாப்பிள்ளை."

"ஐயோ அத்தை, அடுப்பு எரியுது. இப்பவே சொல்லிடுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

"எனக்கு எங்க மாப்பிள்ளை சமையல் தெரியும்? நாலு வருஷமா உங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுத்தானே என் பொண்ணுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்."