கண்ணாடியில் போட்ட கையெழுத்து

ரிப்பேருக்குக் கொடுக்கிற பொருளில், கடைக்காரன் உள்ளே எதையும் மாற்றிவிடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ராஜபாளையத்தில் கடை வைத்திருக்கும் பெலிக்ஸ் நிறையப் பார்த்திருக்கிறான். செல்போன் பேட்டரியில் போடுவார்கள். மிக்ஸி மோட்டாரில்கூட ஒருவர் போட்டிருந்தார். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வீரணன் போட்ட இடத்தில் யாரும் போட்டதில்லை.

அவர் கொண்டுவந்தது கையடக்கமான ஒரு பழைய வீடியோ கேம். பட்டனை அழுத்தினால் சத்தம் வரும், திரையில் ஒன்றும் தெரியாது. பட்டாளத்தில் ஜம்முவில் இருந்தபோது வாங்கியதாம். பனியில் வெளியே போக முடியாத நாட்களில் அதுதான் துணையாம். சாகிறதுக்குள் அதில் ஓடுகிற படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார்.

பெலிக்ஸுக்கு இந்த மாதிரிக் கேம்கள்தான் பிழைப்பு. சென்னை, பெங்களூரிலிருந்தெல்லாம் பார்சல் வரும். திரை மங்கினால் கண்ணாடி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிலிம் கெட்டுவிட்டது, அதை உரித்துப் புதுசு ஒட்டினால் படம் வந்துவிடும் என்று அவரிடமும் விளக்கினான்.

வீரணன் கேட்டதாகத் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"நீ பாட்டுக்கு வேலையப் பாரு தம்பி. நான் சும்மா இருக்கேன்."

அவர் சும்மா இருந்தது, எல்லையில் காவல் நிற்பவர் சும்மா இருப்பது மாதிரி இருந்தது. பெலிக்ஸ் திருகைக் கழற்றினால் திருகைப் பார்த்தார். தும்மினால் கர்சீப்பைப் பார்த்தார். மேசை ஓரத்தில் கோயம்புத்தூர் பார்சலில் வந்த அதே மாதிரிக் கேம் ஒன்று இருந்தது. அதை மட்டும் அடிக்கடி பார்த்தார்.

மூடியைத் திறந்தால், உள்ளே கண்ணாடியின் மேல் பச்சை மையில் கையெழுத்து. வெளியே போட்டால் அழித்துவிடுவார்கள் என்று வீட்டிலேயே கழற்றி உள்ளே போட்டிருக்கிறார். வழக்கமான கையெழுத்துதானே என்று பெலிக்ஸ் விட்டுவிட்டான்.

மதியம் வரை அடக்கிப் பார்த்த வீரணன், முடியாமல் கட்டணக் கழிப்பிடத்துக்கு ஓடினார். அந்த நேரம் பார்த்துத்தான் பிலிம் உரிந்து வந்தது. பெலிக்ஸ் அதைக் குப்பைக் கூடையில் போட்டான். பசையைத் துடைத்தான். புதுப் பிலிமை ஒட்டினான். படம் பளிச்சென்று வந்தது.

திரும்பி வந்தவரிடம் பெருமையாக நீட்டினான். வீரணன் படத்தைப் பார்க்கவில்லை.

"கையெழுத்து எங்க?"

"அது அந்தப் பிலிமோட போயிருச்சு, அண்ணாச்சி."

"போயிருச்சா, போக வச்சியா?"

பெலிக்ஸ் கூடையைக் கிளறி, சுருண்டு கிடந்த பிலிமை எடுத்து நீவி, கேமின் மேல் வைத்துக் காட்டினான். கையெழுத்து நேராகத் தெரிந்தால் படம் மங்கியது. பிலிமைப் பக்கவாட்டில் திருப்பினால் மொத்தமும் கருப்பாகிவிட்டது. எப்படி வைத்தாலும் இரண்டில் ஒன்றுதான் கிடைத்தது.

வீரணன் பிலிமைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்போதுதான் படத்தைப் பார்த்தார். மழையில் ஒரு பெண் குடையோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஏலே, இவ யாரு?"

பெலிக்ஸுக்குக் கேள்வி புரியவில்லை.

"என் கேம்ல படகுக்காரன்லா இருந்தான். மீன் பிடிப்பான். இவ யாரு, கொடையப் பிடிச்சிக்கிட்டு?"

பிலிம் மாற்றினால் படம் தெரியும், ஆள் மாற மாட்டான் என்று பெலிக்ஸ் சொல்லிப் பார்த்தான். வீரணன் கோயம்புத்தூர்க் கேமைக் கை காட்டினார். அவருடைய படகுக்காரன் அதற்குள்தான் இருக்கிறானாம்.

சந்தேகத்தைத் தீர்க்க பெலிக்ஸ் அதையும் திறந்தான். அதுவும் மங்கல்தான். படம் தெரிய அதன் பிலிமையும் உரித்துப் புதுசு ஒட்ட வேண்டியதாயிற்று. அவசரத்தில் கண்ணாடி ஓரத்தில் கீறல் விழுந்தது. உள்ளே ஒரு தவளை இருந்தது.

"அப்பம் படகுக்காரன வேற எங்கயோ வச்சிருக்க" என்றார் வீரணன்.

பெலிக்ஸ் சாட்சிக்கு எதிர் டீக்கடை சோலைராஜைக் கூப்பிட்டான். காலையிலிருந்து டீ கொண்டுவந்தவர் அவர்தான். மேசையில் என்ன இருந்தது என்று கேட்டதும், சோலைராஜ் நல்லது செய்கிற நினைப்பில் உள்ளதைச் சொன்னார்.

"ரெண்டு கெடந்துச்சு. ஒண்ணுபோல. எனக்கு வித்தியாசம் தெரியல."

வீரணன் எழுந்து நின்றார். கடை அலமாரியைத் திறக்கச் சொன்னார். திறந்த அலமாரியில் கேம்கள் அடுக்கி இருந்தன. இம்புட்டுப் பேரை ஏமாத்தியிருக்கானா என்று சோலைராஜைப் பார்த்துக் கேட்டார். சோலைராஜ் காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

குடைக்காரியை அடமானமாகப் பையில் போட்டுக்கொண்டு வீரணன் வாசலில் நின்றார்.

"நாளைக்கு என் படகுக்காரன் வரணும். இல்லேன்னா உன் போட்டோவ எங்க எக்ஸ் சர்வீஸ்மேன் குரூப்புல போட்டுருவேன். மெட்ராஸ், பெங்களூர், எல்லா ஊர்லயும் எங்க ஆளு இருக்கான்."

பார்சல் வருகிற ஊர்களும் அவைதான். ஒரு போட்டோ போதும், கடையை மூட.

அன்று சாயந்திரம் பெலிக்ஸ் கடையைக் கவிழ்த்துத் தேடினான். பழைய கேம் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் போன் போட்டு, படகுக்காரன் இருக்கானா என்று கேட்டான். ஒருவர், உங்களுக்கு என்னோட கேம் அனுப்பியிருந்தேனே, அது பத்திரமா இருக்கா என்று திருப்பிக் கேட்டார். கடைசியில் பெலிக்ஸுக்கே தன் மேல் சந்தேகம் வந்தது. அவர் கழிப்பிடத்துக்குப் போன நேரத்தில் கை தவறி மாற்றித்தான் விட்டோமோ என்று, ஏற்கெனவே பார்த்த டப்பாக்களை மறுபடியும் பார்த்தான்.

மறுநாள் காலை கடை வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். வீரணனின் மனைவி, பேர் சண்முகத்தாய். அவர் எழுந்திருப்பதற்குள் முதல் பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். இடுப்பில் செருகியிருந்த குடைக்காரி கேமை எடுத்து மேசையில் வைத்தார்.

"அந்தப் படகுக்காரன நாந்தான் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டேன் தம்பி. அவிய தேடுவாங்கன்னு, ஒண்ணும் தெரியாத மங்கலா பார்த்து இத வாங்கி வச்சேன். மங்கலா இருந்த வரைக்கும் படகுக்காரன் உள்ளதான் இருக்கான்னு நம்பிட்டு இருந்தாங்க. செத்த நேரத்துல இதப் பழையபடி மங்க வச்சுக் குடுத்துருங்க."