துரைசாணிக்கு நான் போட்ட மாலை

நான் இரண்டு முறை மாலை மாற்றியவன். இரண்டாவது முறை கிள்ளானில், ஐயர் முன்னிலையில், என் மனைவி விசாலாட்சியோடு. முதல் முறை பிரிக்பீல்ட்ஸில், போலீஸ் பந்தோபஸ்தோடு, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்கார அம்மையாரோடு. கூட்டம் என்னவோ முதலாவதற்குத்தான் அதிகம்.

(இதை எழுதும்போதே விசாலாட்சி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். "கூட்டிக் குறைக்காம எழுதுங்க" என்று உத்தரவும் வந்தாயிற்று.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ரயில்வே ஆபீஸில் இளநிலைக் கிராணி. குமாஸ்தாவுக்கு இந்த ஊரில் கிராணி என்றுதான் பேர். ஆபீஸில் என் தலைக்கு மேல் மூன்று அடுக்கு அதிகாரிகள். ஜன்னலைத் திறக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும். ஆனால் சாயங்காலம் ஐந்து மணி அடித்தால் நான் பெரிய மனிதன். எங்கள் தெருத் தமிழ் வாசகசாலையின் துணைச் செயலாளர்! ஒரு பலகைக் கட்டடம், ஒரு பீரோ, மூன்று பத்திரிகைகள், இவ்வளவுதான் வாசகசாலை. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதாவது ஒரு பதவி இருந்தது. பதவி இல்லாதவர் கோபித்துக்கொண்டு வராமல் இருப்பார். உடனே அவருக்கென்று ஒரு பதவியை உண்டாக்குவோம்.

இந்த நிலையில்தான் அந்தச் செய்தி வந்தது. ஐரோப்பாவில் பல நாடுகள் கூடி நடத்திய ஒரு பெரிய சபையிலிருந்து மூத்த அதிகாரி ஒருவர் வருகிறார். அரசாங்கங்கள் தங்கள் ஊர்களையும் தொழிலாளர்களையும் எப்படி நிர்வகிக்கின்றன என்று நாடு நாடாகப் பார்த்து அறிக்கை எழுதுவது அவருடைய பிரிவின் வேலை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேத் தொழிலாளர் குடியிருப்பைப் பார்க்கும் வழியில், எங்கள் வாசகசாலையில் கால் மணி நேரம் வரவேற்பை ஏற்றுக்கொள்வார். கடிதத்தில் இரண்டு தலைப்பெழுத்தும், வாயில் நுழையாத ஒரு குடும்பப் பெயரும், நீளமான பதவியும் இருந்தன. அவ்வளவு நீளமான பதவியைத் தாங்குகிறவர் மீசை வைத்த துரையாகத்தான் இருப்பார் என்று முடிவு கட்டினோம். அதை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

மூன்று கமிட்டிக் கூட்டம் போட்டோம். குடியிருப்பில் காலை நேரத்தில் குழாய்த் தண்ணீர் வருவதில்லை என்று சொல்ல வேண்டும் என ஒருவர் எழுந்தார். அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, முக்கியமான விஷயத்துக்கு வந்தோம். துரைக்கு யார் மாலை போடுவது? தலைவர் பொன்னுசாமி, பட்டறையில் மேஸ்திரி, தானே போடுவதாகச் சொன்னார். நான் பணிவாக ஒரு கேள்வி கேட்டேன்.

"மாலை போடறப்ப துரை இங்கிலீஷ்ல ஏதாச்சும் கேட்டா, என்னண்ணே பதில் சொல்லுவீங்க?"

பொன்னுசாமி அண்ணன் முகம் சுருங்கியது. மாலை என் கைக்கு வந்தது. இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் உண்டு. எனக்கும் விசாலாட்சிக்கும் நிச்சயமாகிப் பத்திரிகை அடித்தாயிற்று. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அவள் அப்பா சதாசிவம் பிள்ளை கிள்ளான் ரயில்வே சரக்குக் கொட்டகையில் தலைமைக் கிராணி. மாப்பிள்ளை வெறும் இளநிலைக் கிராணிதானே என்ற குறை அவருக்கு உண்டு. உலக அதிகாரியின் கழுத்துக்கு மாலை போடும் என் கையை அவர் பார்க்க வேண்டும் என்று முன்வரிசையில் நாற்காலி போட்டு வைத்தேன்.

அன்று எல்லாம் தயார். பன்னீர்ச் செம்பு, சந்தனம், கற்கண்டு, பெண்கள் கையில் தூவுவதற்கு உதிரிப்பூ, கோயிலிலிருந்து நாதஸ்வரம், தவில். "மாலை விழுறப்ப கொஞ்சம் பலமா வாசிக்கணும்" என்று தவில்காரரிடம் நானே சொல்லி வைத்தேன். (அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

முன்னால் போலீஸ் வண்டி வர, கார் வந்து நின்றது. முன்பக்கத்திலிருந்து வழுக்கைத் தலையோடு ஒரு துரை இறங்கினார். நான் மாலையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தேன். அவர் பதறிப்போய் இரண்டு கையாலும் பின்பக்கத்தைக் காட்டினார். "நான் காரியதரிசி. அதிகாரி அவர்."

பின்கதவு திறந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு துரைசாணி இறங்கினார். சாம்பல் நிறக் கவுன், தொப்பி, கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

தூக்கிய மாலையோடு நான் நின்றேன். நம்மில் கல்யாணமாகாத ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தில் மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். பின்னாலிருந்து பொன்னுசாமி அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"கழுத்துல போடாதே லா! கையில குடு, கையில குடு!"

கொடுத்திருப்பேன். ஆனால் அந்த அம்மையார் வழியில் பல ஊர் வரவேற்புகளைப் பார்த்துவிட்டு வந்தவர். மாலையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி, என் கைக்கு நேர் கீழே தலையைக் குனிந்துவிட்டார். ஒரு பெரிய பதவியில் இருப்பவர் தலைகுனிந்து காத்திருக்கும்போது மாலையைப் பின்னுக்கு இழுப்பது எப்படி? கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டேன்.

அதோடு போயிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். முந்தைய ஊரில் ஒரு பெரியவர் தமக்குப் போட்ட மாலையைக் கழற்றி, பக்கத்தில் நின்ற தொழிலாளிக்குப் போட்டதை இந்த அம்மையார் பார்த்திருக்கிறார். அது அவர் மனதுக்குப் பிடித்துப்போயிருக்கிறது. நிமிர்ந்தார், சிரித்தார், மாலையைக் கழற்றினார், என் கழுத்தில் போட்டார்.

தவில்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். மாலை மாற்றினால் கெட்டிமேளம் கொட்டியே பழகிய கை அது. கொட்டித் தீர்த்துவிட்டார். மேளம் கேட்டதும் பெண்கள் கையிலிருந்த பூவெல்லாம் எங்கள் இருவர் தலையிலும் விழுந்தது. ஒரு பாட்டியம்மா, "நல்லா இருங்க" என்று வாழ்த்தினார்.

சதாசிவம் பிள்ளை எழுந்தார். அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, நான் வரேன். வீட்டுக்குப் போயி லெட்டர் போடறேன்."

காலையில் வரும்போது என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டவர் அவர். அதற்குப் பிறகு கழுத்தில் மாலையோடு நான் வரவேற்புப் பத்திரத்தை வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

பிறகு குடியிருப்பைப் பார்க்கக் கிளம்பினோம். மொழிபெயர்க்க நான். தண்ணீர்க் குழாயைக் காட்டி, "எந்நேரமும் வரும்" என்று ஓர் அதிகாரி சொன்னார். அம்மையார் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அங்கே நின்ற பெண்களைக் கேட்கச் சொன்னார். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவரும் நகரவில்லை. வெயிலில் அப்படியே நின்றார். கடைசியில் ஒருத்தி, "காலையில வராதுங்க" என்றாள். நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று கூட்டம் போட்டு நாங்கள் சொல்லாமல் விட்டது அது. எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது என்னிடம் கேட்டார்: "முன்வரிசையில் இருந்த பெரியவர் ஏன் எழுந்து போனார்?"

"ரயிலுக்கு நேரமாகிவிட்டது, மேடம்."

"எல்லா ஊரிலும் அதிகாரிகள் எனக்கு இப்படித்தான் பதில் சொல்கிறார்கள். நீங்களுமா?"

உடைந்துவிட்டேன். மாலை, மேளம், பத்திரிகை, மூன்று வாரம், எல்லாவற்றையும் கொட்டினேன். விசாலாட்சியைப் பெண் பார்க்கப் போனபோது ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். ஆனாலும் அவள் எனக்கு இல்லை என்று நினைத்தபோது தாங்க முடியவில்லை. நடுத்தெருவில் அழுதேன். அம்மையார் சிரிக்கவில்லை. காரியதரிசியிடம், "நாளை காலை கிள்ளான் துறைமுகத்துக்குத்தானே போகிறோம்? ஒரு மணி நேரம் முன்னால் புறப்படுவோம்" என்றார்.

"ஒரு கடிதம் அனுப்பினால் போதுமே, மேடம்" என்றார் காரியதரிசி.

"அலுவலகம் செய்த தவறுக்குக் கடிதம் போதும். இது நான் செய்தது."

மறுநாள் காலை என்னையும் ஏற்றிக்கொண்டு போய், கிள்ளானில் விசாலாட்சி வீட்டு வாசலில் கார் நின்றதும் தெருவே கூடிவிட்டது. சதாசிவம் பிள்ளை இறுகிய முகத்தோடு வரவேற்றார். மாமியாராக வரவேண்டியவர் நின்றுகொண்டே இருந்தார். அவர் உட்காரும்வரை அம்மையாரும் உட்காரவில்லை. உள்ளே திரைச்சீலைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன.

"இன்னொருவர் ஊருக்குப் போகிறவள் அங்குள்ள வழக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும். நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது. மன்னிக்க வேண்டும்" என்றார் அம்மையார்.

மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் மொழிபெயர்த்தேன். கூடவே, பையன் தங்கமான பையன் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

"அவங்க சொன்னத மட்டும் சொல்லு" என்றார் பிள்ளை. "உன் சொந்தச் சரக்க ஏத்தாத."

மாமி யோசித்துவிட்டுக் கேட்டார்: "இவங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

இல்லை என்றதும் மாமி முகத்தில் கலவரம். "ஏன் ஆகலையாம்?"

அம்மையார் நோட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். "எங்கள் நாட்டில் கல்யாணம் செய்துகொண்டால் அரசாங்க வேலையை விட்டுவிட வேண்டும். என்னைக் கேட்ட ஒருவர் இருந்தார். நான் வேலையைத் தேர்ந்தெடுத்தேன்" என்றார். இதை மாமியிடம் சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது. மாமி எழுந்து போய்க் காப்பி கொண்டுவந்து, தன் கையாலேயே அவருக்குக் கொடுத்தார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து இங்கிலீஷில் ஒரு குரல் வந்தது. கன்னிமாடப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ், என்னுடையதைவிடச் சுத்தம்.

"உங்களுக்குக் கீழே ஆண்கள் வேலை செய்கிறார்களா? நீங்கள் சொன்னால் கேட்பார்களா?"

"கவனமாகக் கேட்பார்கள்" என்றார் அம்மையார். "கேட்டுவிட்டுத் தங்களுக்குத் தோன்றியதைச் செய்வார்கள்."

திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். விசாலாட்சி சிரித்து அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

மாமி காரியத்துக்கு வந்தார். "அந்த மாலை எங்க?"

என் பையிலேயே இருந்தது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, வீட்டில் வைக்கவும் பயம். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டே திரிந்தேன். வாடிப்போன அந்த மாலையை வெளியே எடுத்தேன்.

விசாலாட்சி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, ஒரு ஆபீசர் இடம் மாறிப் போனா, பதிலுக்கு வர்றவங்ககிட்ட சார்ஜ் ஒப்படைச்சுட்டுத்தானே போவாங்க?"

தலைமைக் கிராணிக்கு இதைவிடப் புரியும்படி யாரும் சொல்லிவிட முடியாது. கிள்ளான் சரக்குக் கொட்டகையில் ஒரு தராசைக்கூடக் கையெழுத்தில்லாமல் கைமாற்றாதவர் அவர். மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு, "முறைதான்" என்றார்.

அம்மையாருக்கு நான் விளக்கினேன். அவர் எழுந்து நின்று, ஒரு நாட்டின் பொறுப்பையே ஒப்படைக்கிற பாவனையில், மாலையை இரண்டு கையாலும் விசாலாட்சியிடம் கொடுத்தார். விசாலாட்சி வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது பிள்ளை என்னிடம், "மாப்பிள்ளை, பஸ்ஸா, ரயிலா?" என்று கேட்டார். மாப்பிள்ளை என்ற சொல் காதில் விழுந்ததில், எதில் திரும்பிப் போனேன் என்பதே நினைவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஐரோப்பாவிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரும். விலாசம் என் பெயருக்கு இல்லை, விசாலாட்சி பெயருக்கு. உள்ளே ஒரே கேள்விதான்: "நீங்கள் பொறுப்பேற்ற பொருள் நல்ல நிலையில் உள்ளதா?" இவளும் உடனே பதில் எழுதுவாள். என்ன எழுதினாள் என்று என்னிடம் காட்டியதில்லை. யுத்தம் வந்தது, அட்டை வருவது நின்றது. யுத்தம் முடிந்தும் வரவில்லை. பல வருஷம் புத்தாண்டு சமயத்தில் இவள் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்பாள். எனக்கும் வருத்தமாக இருக்கும். நான் எதுவும் கேட்டதில்லை.

வாசகசாலையில் கல்யாணமாகாதவன் மாலையைத் தொடக்கூடாது என்று அந்த வாரமே தீர்மானம் போட்டார்கள். ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அது. எங்கள் பிள்ளைகளுக்கோ நான் சொன்ன சொல் கேட்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. "அப்பா, உங்க மேலதிகாரிகிட்ட கேட்டுட்டு வாங்க" என்பார்கள்.

சென்ற மாதம் அதே வாசகசாலைக்கு விசாலாட்சியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் பெண் தலைவர். தண்ணீர் விஷயத்தைப் பேசாமல் மாலையைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்பது அவள் போட்ட முதல் விதி. மாலை போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். பழைய பயத்தில், மரியாதையாக அவள் கையில் நீட்டினேன்.

விசாலாட்சி வாங்கவில்லை. சபை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, தலையைக் குனிந்தாள்.

"கழுத்துலயே போடுங்க. சார்ஜ் எடுத்து முப்பது வருஷமாச்சு. இன்னும் என்ன பயம்?"