கை தவறி விழுந்த சீட்டுக்கட்டும் கை தவறாமல் வந்த பெயரும்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் மாமா எழுதுவது. நீயும் அக்காவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அத்தைக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, மருந்துக்கடையில் வியாபாரம் பரவாயில்லை, வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஆக எல்லாரும் சௌக்கியம், என்னைத் தவிர. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வெட்கம்தான். அதற்கு எங்கள் கடையில் மாத்திரை கிடையாது.

நீ மேடை ஏறும் இடத்திலெல்லாம் சீட்டுக்கட்டைக் கீழே கொட்டி, அசடு வழியத் தேடி, கடைசியில் அந்தச் சீட்டு உன் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி, கைதட்டல் அடங்கியதும், "இது என் கற்பனை இல்லைங்க. என் தாய்மாமாவோடது. அவர் அனுமதியோட செய்யறேன்" என்கிறாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சுட்ட சரக்கைச் சொந்தச் சரக்கு என்று விற்கிறவர்கள் மலிந்த தொழிலில் இப்படி ஒரு பிள்ளையா என்று எல்லாரும் உன்னை மெச்சுகிறார்கள். எனக்கோ தரை பிளந்து என்னை விழுங்காதா என்று இருக்கிறது.

நீ கல்லூரியில் படித்தபோது உங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இதுதான். எதிர்வீட்டு பேங்க் மேனேஜர் ஒரு சீட்டை எடுத்து, எல்லாருக்கும் காட்டிவிட்டுக் கட்டுக்குள் செருகினார். அதைக் கட்டின் மேலே கொண்டுவருவதாக என் திட்டம். அதற்குள் கை தவறிக் கட்டு முழுவதும் தரையில் சிதறியது, பொறுக்கக் குனிந்தேன், மூக்குக்கண்ணாடி விழுந்தது, அதைத் தேடி சோபாவுக்கு அடியில் தலையை விட்டேன், ஒன்றும் கிடைக்காமல் அழாக்குறையாக எழுந்தேன். கூடமே அலறியது. என் நெற்றியில் கிளாவர் ஏழு. மேனேஜர் எடுத்த அதே சீட்டு. அவர் அதை உரித்து என் கையில் கொடுத்த பிறகுதான் எனக்கே தெரியும்.

அன்றைக்கே உன்னிடம், "டேய், அது வியர்வையில தானா ஒட்டிக்கிச்சுடா" என்றேன். நீ கண்ணடித்து, "வித்தைக்காரங்க ரகசியத்தைச் சொல்லமாட்டாங்க மாமா" என்றாய். இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு ஒரு பேட்டியிலும் போட்டுவிட்டாய். அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தலைவலி மாத்திரை வாங்க வருகிறவர்கள், "நீங்கதானா அந்த மாமா?" என்று கேட்டால் நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

போன மாதம் தொப்பிக்காரர் கடைக்கு வந்தார். பிறந்தநாள் விழாக்களில் வித்தை காட்டுவாரே, அவர்தான். கட்டைக் கொட்டித் தேடுகிற வித்தையை என் பெயரைச் சொல்லாமல் செய்கிறார் என்று நீ அவரோடு சண்டை பிடித்தாயாமே! கடையில் கூட்டம். இருமல் மருந்துக்கு ஒருவர், குழந்தைக்குப் பால் பவுடர் கேட்டு ஒருவர். நடுவில் இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, மன்னிக்கணும். உங்க வித்தைன்னு சத்தியமா தெரியாது. ஒரு நாள் எனக்குக் கை நடுங்கிக் கட்டு விழுந்துடுச்சு. சீட்டு ஷூவுக்கு அடியில ஒட்டிக்கிச்சு. அட, இதுல என்னமோ இருக்கேன்னு வீட்டுல போட்டுப் போட்டுப் பழகி, ஒரு ஐட்டமாக்கினேன். நானா கண்டுபிடிச்சதுன்னு நெனச்சிட்டேங்க."

அப்போதாவது நான் கல்லாவை விட்டு இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் கடையில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் தோளில் தட்டி, "பரவாயில்ல. தெரியாமச் செஞ்சது. இனிமே செய்யாதீங்க" என்றேன். மன்னித்துவிட்டேன், மருமகனே! கை தவறியதோடு நின்றுவிட்ட நான், கை தவறிய பிறகு பாடுபட்ட மனிதரை மன்னித்தேன். பால் பவுடர்காரர் வேறு, "உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்றார். பாக்கிச் சில்லறையை அவருக்குக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று முதல் சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டி, அவர் வித்தை காட்டப் போயிருந்த ஒரு விழா மண்டபத்துக்கு அழையாத விருந்தாளியாகப் போய்க் கடைசி வரிசையில் பதுங்கினேன். மனிதர் ஒரு கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஏதோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகள், "ஷூ சீட்டு பண்ணுங்க அங்கிள்!" என்று கத்தின. "அது இப்ப இல்ல கண்ணுங்களா" என்று நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். "அந்த வித்தையோட சொந்தக்காரரே வந்திருக்காரு!" என்று கூவி, என்னை இழுத்துப் போய் முன்னால் நிறுத்திக் கையில் கட்டைத் திணித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பிறந்தநாள் பெண் ஒரு சீட்டை உருவி, எல்லாருக்கும் காட்டி, திரும்பச் செருகிவிட்டாள். வேறு வழியில்லாமல் கட்டைக் கீழே போட்டேன். அதை மட்டும் அச்சு அசலாகச் செய்தேன். மண்டியிட்டுத் தரையில் நெற்றியை வைத்துத் தேய்த்தேன். ஏசி மண்டபம், ஒரு சொட்டு வியர்வை இல்லை. எழுந்தால் நெற்றியில் தூசிதான் இருந்தது. பிள்ளைகள் சிரித்திருந்தால்கூடத் தேவலை. பாவம் என்று பார்த்தன.

தொப்பிக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். "சார், எங்கெங்கயோ தேடறீங்களே!" என்று தன் காலைத் தூக்கினார். ஷூவுக்கு அடியில் அந்தப் பெண் எடுத்த அதே சீட்டு! எப்போது எடுத்தார், எப்போது ஒட்டினார், பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. மண்டபம் அதிர்ந்தது. அவர் என் கையைத் தூக்கிப் பிடித்து, "எல்லாம் ஐயா போட்ட பாதை" என்றார். நான் கும்பிட்டேன். மன்னிப்புக் கேட்டுத்தான் கும்பிட்டேன். நன்றி சொல்கிறேன் என்று நினைத்து இன்னும் தட்டினார்கள்.

வெளியே வந்ததும் அவரிடம், "எனக்கும் கை தவறித்தாங்க விழுந்துச்சு. நான் எதையும் கண்டுபிடிக்கல" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "என் மனசு நோகக்கூடாதுன்னு இப்படிச் சொல்றீங்க பாருங்க" என்றார்.

நான் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. நீதான் சொல்ல வேண்டும். அடுத்த மேடையிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. உன் உழைப்புக்கு உன் பெயரைச் சொல்லிக்கொள். தொப்பிக்காரரை நேரில் போய்ப் பார்த்து, அவர் ஐட்டத்தை அவரிடமே திருப்பிக் கொடு. கை தவறுவதெல்லாம் கலை என்றால், என் கடையில் உடைந்த சிரப் பாட்டில்களுக்கு எனக்கு எத்தனை பட்டம் கொடுத்திருக்க வேண்டும்!

உன் கை என்றும் தவறாமல் இருக்கவும், தவறினாலும் ஊர் கைதட்டும்படி தவறவும் மனமார வாழ்த்துகிறேன். அக்காவிடம் கேட்டதாகச் சொல்.

தலை நிமிர முடியாத
உன் தாய்மாமன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அத்தை இதை வாங்கிப் படித்துவிட்டாள். "என்னது, உங்க கை தவறிச்சா? ஜூஸ் தட்டோட பின்னால வந்து உங்க முழங்கையில இடிச்சது நானு. வியர்வையில ஒட்டிச்சாம்ல! சோபாவுக்கு அடியில சிந்திக் கெடந்த ஜூஸ்லதான் நெத்திய வச்சீங்க. அண்ணி திட்டுவாங்களேன்னு அன்னைக்கு வாயத் தெறக்கல" என்கிறாள். ஆகவே, மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்காதே. பெயரை எடுக்க வேண்டாமாம், மாற்றினால் போதுமாம். "என் அத்தையோட கற்பனை, அவங்க அனுமதியோட செய்யறேன்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டுமாம். அடுத்த நிகழ்ச்சிக்கு முன்வரிசையில் ஓர் இடமும் கேட்கிறாள். எனக்கு இடம் வேண்டாம். அந்தத் தவறாவது என் சொந்தத் தவறு என்று நினைத்திருந்தேன்.