ஒரு தூசியும் ஒரு புதுப் போனும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, புதுப் போன் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன். இத்தகைய முடிவுகளைப் பல் துலக்கும்போதுதான் நான் எடுப்பது வழக்கம். மனைவி குறுக்கே ஏதேனும் கேட்டாலும் அப்போது பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

காரணம் வலுவானது. என் போனின் திரைக்குள் ஒரு தூசி புகுந்திருந்தது. துடைத்தேன், போகவில்லை. ஊதினேன், அசையவில்லை. என் மனைவிக்கு அடுத்தபடியாக, இந்த வீட்டில் இருந்த இடத்தைவிட்டு இம்மியும் நகராத ஜீவன் அதுதான்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். வேலையில் பாதி இப்போது போனில்தான் வருகிறது. அந்தத் தூசியோ, எந்த எழுத்தின் தலையில் உட்கார்ந்தாலும் அதற்குப் புள்ளி வைத்துவிடுகிறது. இதைவிட நியாயமான வழக்கு எந்த நீதிமன்றத்துக்கும் வந்திருக்காது என்ற நம்பிக்கையோடு சமையலறைக்குள் நுழைந்தேன்.

“போன் போச்சும்மா.”

“எங்க போச்சு? கையிலதானே இருக்கு.”

“உள்ள தூசி போயிடுச்சு. இனிமே இது தேறாது. புதுசுதான் வாங்கணும்.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கியவள், ஜன்னல் வெளிச்சத்தில் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். வைரம் பார்ப்பவர்கள்கூட அத்தனை நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

“ஆமாங்க. பாவம், இதை வச்சுக்கிட்டு எப்படி வேலை பாக்கறீங்க? புதுசே வாங்கிடுங்க.”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மணமான நாளிலிருந்து முதல் வாதத்திலேயே நான் வென்றதில்லை. பத்தாவது வாதத்திலும் வென்றதில்லை என்பது வேறு விஷயம்.

“ஆனா...” என்றாள்.

அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

“இந்தத் தூசி எங்கிருந்து வந்துச்சு?”

“வீட்ல இருந்துதான்.”

“புதுப் போனை எங்க வைப்பீங்க?”

“வீட்லதான்.”

“அப்ப அதுக்குள்ளயும் போயிடாதா?”

வாக்கியத்தை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

“என்ன பண்ணலாங்கற?”

“நான் என்ன சொல்றது? உங்க போன். நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க.”

சொல்லிவிட்டு ஏணியைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தாள்.

மின்விசிறியின் இறக்கைகள் கம்பளி போர்த்தியிருந்தன. உரித்தேன். ஜன்னல் வலையைக் கழற்றித் தேய்த்தபோது, எதிர் வீட்டுச் சுவரின் நிறம் பச்சை என்று தெரியவந்தது. அலமாரியின் தலை, கட்டிலின் அடி, கதவின் பின்புறம் என்று எதையும் விடவில்லை. சோபாவுக்கு அடியில் என் சீப்பு கிடைத்தது. அது தொலைந்த காலத்தில் எனக்குத் தலைமுடி இருந்தது. அதே சோபாவின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு என் மனைவி மேற்பார்வை செய்தாள்.

“அந்த மூலையையும் பாத்துடுங்க. போனுக்கு ஆபத்தே மூலையிலதான்.”

மாலையில் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றேன்.

“கடைக்குக் கிளம்பலாமா?”

“போனைக் கொஞ்சம் குடுங்க.”

வாங்கியவள் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். திரைக்குக் காப்பாகப் போன வாரம் அவளே ஒட்டிக் கொடுத்திருந்த டெம்பர் கிளாஸ் மெல்ல எழுந்து வந்தது. துணியால் ஒரே ஒரு தேய்ப்பு. தூசியைக் காணவில்லை. திரைக்குள் புகுந்ததாக நான் நம்பியது, கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் இருந்திருக்கிறது. புதுப் போனுக்கு ஆசைப்படுகிறவனுக்கு அந்தச் சந்தேகம் எப்படி வரும்?

“பாருங்க, புதுசு மாதிரியே ஆயிடுச்சு.”

“இது உனக்குக் காலையிலயே தெரியாதா?”

“காலையிலயே சொல்லியிருந்தா வீடு இப்படி இருக்குமாங்க?”

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு அக்கா உள்ளே வந்தார். மின்விசிறியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், நம்பாமல் என்னையும் பார்த்தார்.

“இவரா செஞ்சார்? எங்க வீட்டுக்காரர் கீழ விழுந்த துண்டைக்கூட எடுக்க மாட்டாரே. எப்படிடி செய்ய வச்சே?”

என் மனைவி குரலைத் தாழ்த்தினாள். ஆனால் துடைத்து வைத்த வீட்டில் கிசுகிசுப்பும் தெளிவாகக் கேட்கிறது.

“உங்க வீட்டுக்காரர் போனுக்கு டெம்பர் கிளாஸ் நீங்களே ஒட்டிக் குடுங்கக்கா. ஒட்டறதுக்கு முன்னாடி, அடியில ஒரே ஒரு தூசி வச்சுடுங்க.”