சம்மதம் சொன்ன முயல்

ஒரு காட்டில் ஒரு செல்போன் டவர் இருந்தது. அதன் உச்சியில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று வேலை பார்த்தது. இன்னொரு கால் எங்கே என்று யாராவது கேட்டால், லீவில் இருக்கிறது என்று சொல்லும்.

அந்தக் காட்டில் சிற்றம்பலம் என்றொரு முயலும் இருந்தது. ரொம்ப ஒழுங்கான பிராணி. எந்த அறிவிப்பு வந்தாலும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை வாசித்து உடனே பதில் போட்டுவிடும். போடாவிட்டால் அதற்குத் தொண்டையில் புல் இறங்காது. இந்தக் குணத்தை நினைத்து அதன் மனைவி கோமதி தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

ஒருநாள் கோமதி தாய்வீட்டுக்குக் கிளம்பியது. பிறந்து ஆறு நாளான மூன்று குட்டிகளும் அப்பன் பொறுப்பு. "குட்டிங்க மேல ஒரு கண்ணு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனது. போகிற போக்கில் குட்டிகளின் படத்தை ஸ்டேட்டஸில் போட்டது, இருக்கும் இடத்தையும் சேர்த்து. முதல் ஆளாக வந்து இதயம் போட்டது நரி தங்கமுத்து.

சிற்றம்பலத்துக்குப் பயம்தான். ஆனால் பசியும் இருந்தது, நல்ல புல்லோ மேட்டுக்கு அந்தப் பக்கம், டவருக்குக் கீழே இருந்தது. பழைய போனைக் குட்டிகள் இருந்த புதருக்குள் நிறுத்தி வீடியோவை ஓடவிட்டு, புதுப் போனை எடுத்துக்கொண்டு மேயப் போனது. குட்டிகளின் மூக்கு துடிப்பதுகூடத் திரையில் தெரிந்தது.

நாலு வாய் தின்பதற்குள் போன் சிணுங்கியது.

"யானை வீட்டுக் கல்யாணம் நேரலையில் போவதால் உங்கள் வேகம் குறைக்கப்படும். இணைப்பு துண்டிக்கப்படாது. சம்மதமா?"

ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பை நிறுத்தாமலே அதன் தரத்தை மாற்றுவதுதான் அந்த நெட்வொர்க்கின் பெருமை. ஓடுகிற வண்டியில் சக்கரத்தைக் கழற்றி வேறு சக்கரம் மாட்டுகிற வித்தை. இருந்தாலும் ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் சம்மதம் சொன்னால்தான் மாற்றம் செல்லுபடியாகும்.

கல்யாண வீடு, விட்டுக்கொடுக்காமல் முடியுமா? முயல் சம்மதம் போட்டது. குட்டிகளின் மூக்கு மறைந்தது. தாலி கட்டும் நேரத்தில் இன்னொரு அறிவிப்பு வந்தது. அதற்கும் சம்மதம். காதுகள் போயின. பந்தி போடும்போது மூன்றாவது வந்தது. அதற்கும் சம்மதம் போட்டபின், மூன்று குட்டிகளும் சேர்ந்து ஒரு பிடி சாம்பலாகத் தெரிந்தன. கீழே எழுத்து மட்டும் பளிச்சென்று ஓடியது: "உங்கள் இணைப்பு உயிரோடு இருக்கிறது."

குட்டிகள் உயிரோடு இருக்கின்றனவா என்பதுதான் தெரியவில்லை. திரையின் ஓரத்தில் புதிதாக ஒரு பழுப்பு நிறம் அசைந்தது. காய்ந்த இலையா, நரியா? வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்கு ஓடியிருப்பார்கள். சிற்றம்பலம் முறைப்படி மனுக் கொடுக்க டவருக்கு ஓடியது.

"ஐயா, வேகத்தக் கொஞ்சம் கூட்டிக் குடுங்க. பிள்ளைங்க தெரியல."

"நான் வாங்கி அனுப்புறவன்தாம்ப்பா" என்றது கொக்கு. "உன் மனு ஆமைகிட்டப் போகும். இணைப்பெல்லாம் அவர் பொறுப்பு. உனக்கு எவ்வளவு தரலாம்னு அவர் கரடியக் கேப்பாரு. கரடி தலையாட்டினா ஆமை எழுதுவாரு, நான் உனக்கு அறிவிப்பு அனுப்புவேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆமையப் பாத்திருக்கல்ல?"

பக்கத்து மரத்தில் ஒரு தேவாங்கு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றின் மேல் கிடந்த போனில் ஒரு சண்டைப் படம் கண்ணாடி மாதிரி ஓடியது. யாரும் பார்க்காத படம்.

"இவருக்கு மட்டும் வேகம் குறையலையா?"

கொக்கு பெருமூச்சு விட்டது. "அஞ்சு தடவ கேட்டாச்சு, ஆளு முழிக்கவே இல்ல. அஞ்சு தடவைக்கு மேல கேக்கக் கூடாதுன்னு விதி. மாத்தறதையே கைவிட்டுட்டோம். பழைய வேகமே இருக்கட்டும்னு விட்டாச்சு."

"அப்ப நான் உடனே உடனே பதில் போட்டேனே?"

"ரொம்ப நல்ல பழக்கம்" என்றது கொக்கு.

முயலுக்கு வாழ்நாளில் முதல்முறையாக ஆத்திரம் வந்தது. இனி செத்தாலும் எவனுக்கும் பதில் போடுவதில்லை என்று சபதம் செய்து, போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடியது. வழியில் போன் சிணுங்கியது. முயல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பிறகு அடங்கிவிட்டது. ஜெயித்த சந்தோஷத்தில் மேட்டின் மேல் நின்று போனை எடுத்துப் பார்த்தது.

"உங்கள் மனுவை ஏற்று வேகத்தைக் கூட்ட ஐந்து முறை சம்மதம் கேட்டோம். பதில் இல்லாததால் கூட்டுவது கைவிடப்பட்டது."

முயல் அங்கேயே உட்கார்ந்து அழுதது. பிறகு அழுதுகொண்டே ஓடியது.

புதர் வாசலில் நரி தங்கமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே குட்டிகள் கீச்சிடும் சத்தம் கேட்டது. மூன்று குரல். முயலுக்கு மூச்சு வந்தது. நரி ஏன் இன்னும் உள்ளே போகவில்லை என்பதுதான் புரியவில்லை.

"பயப்படாத, தம்பி" என்றது நரி. "உன்னத் துரத்த முட்டியில தெம்பு இல்ல. ஓட முடியாததாப் பாத்துத்தான் கிளம்பி வந்தேன். வேகம் குறைஞ்சதுல இந்த மேப் நடுவுல சண்டித்தனம் பண்ணுது. வாசம் இங்கதான் வருது, சத்தமும் இங்கதான் கேக்குது. மேப் மட்டும் இன்னும் இருநூறு அடி நேராப் போங்குது. மூக்க நம்பி ஏமாந்த காலமெல்லாம் போச்சுப்பா. நிக்கறதா போறதான்னு உக்காந்திருக்கேன்."

அப்போது நரியின் போன் சிணுங்கியது. நரி கண்ணைச் சுருக்கி வாசித்தது.

"'ஒரு முயல் வாங்கிக்கொள்ளாத வேகம் மிச்சம் இருக்கிறது. அதை உங்களுக்குத் தருகிறோம். சம்மதமா?' இதோட நாலு தடவ கேட்டுட்டாங்க. சும்மா எவன் குடுப்பான்? இதுல ஏதோ சூது இருக்கு. நீ எல்லாத்தையும் வாசிக்கிறவன், சொல்லு. சம்மதம் போடலாமா?"

முயல் கணக்குப் போட்டுப் பார்த்தது. வேகம் வந்தால் மேப் சரியாகிவிடும். சரியானால் மூன்று குரலும் இருக்காது. ஆனால் அதற்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நல்லவேளை, பொய் தேவைப்படவில்லை.

"அண்ணே, என் அனுபவத்தச் சொல்றேன். சம்மதம் போட்டுப் போட்டுத்தான் நான் இந்தக் கதிக்கு வந்தேன். பதிலே போடாதீங்க. அஞ்சாவது தடவ கேட்டுட்டு அவங்களே ஓஞ்சுடுவாங்க."

ஐந்தாவது முறையும் போன் சிணுங்கியது. நரி கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. சிணுங்கல் நின்றது.

"நல்ல மனசு தம்பி உனக்கு" என்று கண்கலங்கச் சொல்லிவிட்டு, நரி எழுந்து இருநூறு அடி நேராக நடந்தது. அங்கேயும் மேப் இன்னும் இருநூறு அடி என்றது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் அதைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். நேராகத்தான் போய்க்கொண்டிருந்ததாம்.

நீதி: நம்மைக் கெடுத்த பாடத்தைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, எதிரி யோசனை கேட்டு வரும்போது மனதாரக் கொடுத்துவிட வேண்டும்.