பார்த்தாலே ரத்தாகும் மக்ரூன்

செய்த தப்பை அடுத்தவர் தலையில் கட்டப் பார்த்து, அதே நிமிடத்தில் பிடிபட்டவள் நான்.

நாசரேத்தில் படிப்பை முடித்த கையோடு, தூத்துக்குடியில் ஒரு மக்ரூன் கடையின் ஆன்லைன் விற்பனைக்கு ஏபிஐ எழுதிக் கொடுத்திருந்தேன். அதாவது, இணையதளத்துக்குப் பின்னால் நின்று ஆர்டரை வாங்கி, பதிந்து, பதில் சொல்லும் நிரல். ஆர்டர் போட்டவரின் போனுக்கு உடனே ஒரு செய்தி போகும். அதில் ஒரு லிங்க். அதைத் திறந்தாலே ஆர்டர் ரத்து. ‘நிச்சயமா?’ என்று கேட்கும் பட்டன்கூடக் கிடையாது. (வாடிக்கையாளருக்கு விரல் வலிக்கக் கூடாதாம்!) நானே லிங்கைத் திறந்து சோதித்தேன், ரத்தானது, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை கடைக்காரர் செல்வராஜ் அண்ணாச்சி போனில் கூப்பிட்டார்.

“ஏளா, காயல்பட்டினத்துல இருந்து பேசுதாவ. சாயந்தரம் கல்யாணமாம், முந்நூறு பெட்டி ஆர்டர் போட்டாவளாம். இங்கன ரத்துன்னு காட்டுதே?”

கடைக்கு ஓடினேன். வந்திருந்த பத்தொன்பது ஆர்டரும் ரத்து. இனி முட்டை வெள்ளைக்கருவை அடித்து, முந்திரி சேர்த்து, மெல்லிய சூட்டில் உலரவிட்டு எடுப்பதற்குள் கல்யாண விருந்தே முடிந்துவிடும்.

“அவங்களே ரத்து பண்ணிட்டு நம்மளச் சொல்லுதாவ அண்ணாச்சி” என்றேன். (அடிப்பாவி, பத்தொன்பது பேருமா?)

அண்ணாச்சி தன் போனில் ஒரு பெட்டி ஆர்டர் போட்டார். போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். செய்தி வந்தது. யாரும் தொடவில்லை. கணினியில் பார்த்தால், ரத்து.

செய்தியில் லிங்க் இருந்தால், அடியில் அந்தப் பக்கத்தின் சின்னப் படம் காட்டுவதற்காக, போனில் செய்தியைக் காட்டும் செயலியே லிங்கை முதலில் திறந்து பார்த்துவிடும். என் ஏபிஐயோ யார் பார்த்தாலும் ரத்து செய்துவிடும். அது விளங்கியதும், “என் தப்புதான் அண்ணாச்சி” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“அழுகையப் பெறவு வச்சிக்கிடலாம்” என்றவர், பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத எதிர்க்கடைக்காரருக்குப் போன் போட்டார். அவர் இன்னும் நாலு கடையைக் கூப்பிட்டார். மூன்று மணிக்கு முந்நூறு பெட்டி சேர்ந்தது. மக்ரூன் நொறுங்காமல் பெட்டிகளைப் பிடித்துக்கொள்ள வேனில் என்னையே ஏற்றினார்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஏசப்பாவைக் கூப்பிட்டேன்.

கல்யாண வீட்டில் பெண்ணின் வாப்பா ஒரு பெட்டியைத் திறந்தார். ஒன்றும் நொறுங்கவில்லை.

“ரத்து பண்ணினது யாரும்மா?”

“நான்தான்.”

அவர் ஒரு மக்ரூனை எடுத்து என் கையில் வைத்தார். “தின்னுட்டுப் போம்மா. மொகத்துல ரத்தமே இல்ல.”

எனக்கு முன்பாகவே கதை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பின்னாளில் மாப்பிள்ளை பார்த்தபோது, போட்டோவை அம்மா முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். “ஏளா, நீ பாக்காத. பாத்தா ரத்தாயிரும்!” இன்றும் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சர்ச்சில் தாலி கட்டும்வரை நான் மாப்பிள்ளையை நிமிர்ந்தே பார்க்கவில்லை. எவ்வளவு வெட்கம் என்று எல்லாரும் மெச்சினார்கள். வெட்கமா? பயம்.